பின்களத்தில் நிற்கும் மகளுக்கு

தெல்லிப்பழை

அன்புள்ள மகள் யாழினிக்கு,

நாங்கள் யாவரும் நலம். அம்மாவின் கால் வீக்கம் வற்றிவிட்டது. கிணற்றடி விடயமும் பெரியப்பா சொன்னபடியே முடிந்தது. மற்றப் புதினங்களை அம்மா எழுதுவார். நான் எழுத வந்தது உன்னுடைய பிரண்டி சஸ்டெயினைப் பற்றி, அந்த அமெரிக்க உதைபந்தாட்ட வீராங்கனையைப் பற்றி.

வெள்ளையடிப்பதற்காக உன் அறையை ஒதுக்கியபோது, நல்லூர் நாட்காட்டியால் அம்மா மறைத்து வைத்த அந்தப் படம் மறுபடியும் வெளியே வந்தது. அதன் பிறகு தம்பியின் உதவியோடு அவரைப் பற்றி ஒழுங்காக வாசித்தேன். அவர் 1968 இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். முன்கள வீராங்கனையாகத் தொடங்கி, 1991 இல் மெக்சிக்கோவுக்கு எதிரான ஆட்டமொன்றில் மாற்று வீராங்கனையாக இறங்கி ஐந்து கோல்கள் அடித்தவர். அப்படிப்பட்டவருக்கே 1995 உலகக் கிண்ண அணியில் இடம் கிடைக்கவில்லை. பின்களத்தில் ஆடச் சம்மதமானால் வரலாம் என்று பிறகு அழைத்தபோது அவர் மறுக்காமல் போனார். உன்னைப் பின்னுக்கு நிறுத்திய அன்று நீ சாப்பாட்டை ஒறுத்துக்கொண்டு படுத்தது எனக்கு நினைவு வந்தது. இன்று நாட்டின் சீருடையோடு அதே பின்களத்தில் நிற்கிறாய். சந்திக் கடையில் எனக்குப் பெயரே இல்லை, 'யாழினியின் அப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்கு அதில் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையைக் காப்பாற்றுவதற்காக நீ எதையும் மறைக்க வேண்டும் என்று இந்த வீட்டில் யாரும் உனக்குச் சொல்லித்தரவில்லை.

1999 உலகக் கிண்ணக் காலிறுதியைப் பற்றி நீ என்னிடம் ஒருபோதும் சொன்னதில்லையே. ஜேர்மனிக்கு எதிரான அந்த ஆட்டத்தில், ஐந்தாவது நிமிடத்தில், சஸ்டெயின் தன் கோல்காப்பாளரிடம் திருப்பிக் கொடுத்த பந்து அவரைத் தாண்டிச் சொந்தக் கோலுக்குள்ளேயே போய்விட்டது. தலைவி கார்லா ஓவர்பெக், அவரும் பின்கள வீராங்கனைதான், உடனே பக்கத்தில் வந்து, கவலைப்படாதே, நாங்கள் வெல்லுவோம், நீயும் அதற்கு உதவுவாய் என்று தேற்றினாராம். இரண்டாம் பாதி தொடங்கிச் சற்று நேரத்தில் சஸ்டெயினே சமநிலைக் கோலை அடித்தார். 3–2 என்று வென்று கொடுத்த கோலை அடித்த ஜோய் ஃபோசெட்டும் பின்களத்தவர். கோணர் உதையில் வந்த பந்தை அவர் தலையால் அடித்தார். தலையால் என்பதைக் கவனித்துக்கொள், அதற்குத்தான் வரப்போகிறேன்.

சீனாவுடனான இறுதி ஆட்டம் உனக்கு மனப்பாடம்: தொண்ணூறாயிரம் பேருக்கு மேல் பார்த்திருக்க, பயிற்சியாளர் சொன்னபடி இடது காலால் அவர் அடித்த கடைசித் தண்ட உதை, அதன் பிறகு மேற்சட்டையைக் கழற்றி மண்டியிட்ட, உன் அறைச் சுவரில் நாங்கள் மறைத்து வைத்த அந்தக் கோலம். நீ என்னிடம் அடிக்கடி மெச்சிய இன்னொரு விடயம், 1996 ஒலிம்பிக்கில் அரையிறுதியில் முழங்கால் பழுதுபட்ட பின்னரும் அவர் ஒரு நிமிடம்கூட வெளியேறாமல் ஆடி முடித்தது. உண்மைதான், தங்கப் பதக்கம் கிடைத்தது. ஆனாலும் அதை மெச்சுவது எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. முழங்கால் வீங்கினால் ஊரே பார்க்கும். தலைக்குள் நடப்பதைச் சொந்தத் தாய்கூடப் பார்க்க முடியாது.

அதே சஸ்டெயின், 192 சர்வதேச ஆட்டங்கள் ஆடி ஓய்வு பெற்றவர், 2016 இல் தான் இறந்த பிறகு தன் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுப்பதாக எழுதிக் கொடுத்தார். அடிமேல் அடி வாங்கிய மூளையில் வரும் CTE என்ற நோயை, உயிரோடு இருக்கும்போது உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாதாம். பதினான்கு வயதுக்கு முன் பிள்ளைகள் பந்தைத் தலையால் முட்டக் கூடாது என்று அவரும், தலையால் அந்தக் கோலை அடித்த ஃபோசெட்டும் சேர்ந்தே பிரசாரம் செய்தார்கள். கோல் உதையையும் கோணர் உதையையும் தலையால் எடுத்து விலக்கும் வேலை பெரும்பாலும் பின்களத்தவருக்குத்தானே.

கடந்த ஆட்டத்தின் ஒளிப்பதிவைத் தம்பி தன் தொலைபேசியில் காட்டினான். நீயும் எதிரணிப் பிள்ளையும் ஒரே பந்துக்கு எழும்பினீர்கள். அந்தப் பிள்ளை உடனே எழுந்துவிட்டாள். நீ எழும்பியது பிந்தித்தான். எழும்பியும் மற்றப் பக்கக் கோலை நோக்கி நடந்தாய், தோழி ஒருத்தி கையைப் பிடித்துத் திருப்பினாள். அம்மா அதைப் பார்க்கவில்லை, நான் காட்டவும் இல்லை. அன்றிலிருந்து நீ எடுக்கும் அழைப்புகளெல்லாம் 'நல்லாயிருக்கிறன் அப்பா' என்பதோடு முடிகின்றன. தொலைபேசித் திரையைப் பார்க்கக் கண் கூசினால் தாள் பரவாயில்லை என்றுதான் இதைக் கையால் எழுதுகிறேன்.

தலையிடி இருந்தால் விளையாடாதே. வெளிச்சம் கூசினால், குமட்டினால், நித்திரை குழம்பினால், பெயர்கள் மறந்தால் விளையாடாதே. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுவதுதான் மிகவும் ஆபத்தானது. தலையில் அடிபட்டவருக்கென்றே தனியாக ஒரு மாற்று வீரரை இறக்கும் ஏற்பாடு 2024 முதல் ஆட்ட விதிகளிலேயே இருக்கிறது. போட்டியை நடத்துபவர்கள் அதற்கு இடம் கொடுக்கிறார்களா என்று கேட்க உனக்கு உரிமை உண்டு. அடுத்த தொடருக்கு உன்னை எடுக்காமல் விடுவார்களோ என்று நீ பயப்படுவாய். விடட்டும். சஸ்டெயினை 1995 இல் விட்டவர்கள்தானே பிறகு அழைத்தார்கள். தலையிடி இருந்தால் மட்டும் விளையாடாதே, பிள்ளை.

மணி மாமா வெள்ளிக்கிழமை யாழ்தேவியில் கொழும்புக்கு வருகிறார். அம்மா பனங்கட்டியும் ஒடியல் மாவும் கொடுத்துவிடுகிறார். வைத்தியரிடம் போயிருந்தால் அவர் எழுதித் தந்த துண்டை மாமாவிடம் கொடுத்துவிடு. போகவில்லையென்றால் மாமாவையே கூட்டிக்கொண்டு போ. நீ கேட்காவிட்டாலும் கூட்டிக்கொண்டு போகும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா