பிரேக்கில் கோளாறு இல்லை

அன்புள்ள அப்பாவுக்கு,

முதியோர் இல்லத்தில் உனக்கு என்னதான் வேலை என்று கேட்டிருந்தீர்கள். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது. சொன்னால் சிரிப்பீர்கள், இப்போது உங்கள் சைக்கிள் கடை வேலையும் சேர்ந்துகொண்டது.

வந்த மூன்றாவது வாரம் ஒரு பெரியவர் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்தார். பிரேக் போட்டிருந்தும் நாற்காலி பின்னால் நழுவியது. நல்லவேளை, இடுப்பைப் பிடித்துவிட்டேன். பிரேக் போய்விட்டது என்றார்கள் எல்லோரும். நான் உங்களைப் போல டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், பொதுக்கென்று அமுங்கியது. இந்த நாற்காலிகளில் பிரேக் கட்டை டயரின் மேல்தான் அழுந்துகிறது. காற்று இறங்கினால் பிடிமானம் போய்விடுகிறது. காற்றடித்ததும் அசையாமல் நின்றது.

முன்சக்கர அச்சில் தலைமுடியும் கம்பளி நூலும் சுற்றிக்கொள்ளும். தள்ளுகிறவருக்குத் தோள் வலித்தால்தான் யாராவது குனிந்து பார்க்கிறார்கள். இடுக்கியால் பிடுங்குவது என் ஞாயிற்றுக்கிழமை வேலை.

ஒரு பாட்டியின் விஷயம்தான் மனதை உறுத்தியது. உட்காரவைத்த சற்று நேரத்தில் முன்னால் சரிந்துவிடுவார். 'பிடிவாதம்' என்று குறிப்பேட்டிலேயே எழுதிவைத்திருந்தார்கள். அவருக்குப் பேச்சு வராது. நாற்காலியில் அவர் உட்காரும் காற்று மெத்தைக்கு அடியில் கையை விட்டேன். உட்காரும்போது அழுந்துகிற எலும்பு நேராக என் விரலில் இடித்தது. எலும்புக்கும் அடிப்பலகைக்கும் நடுவே ஏறக்குறைய 1.5 முதல் 2.5 செ.மீ. வரை காற்று இருக்க வேண்டும். இல்லையென்றால் புண் வரும், எலும்பு வரை இறங்குகிற புண். அளவுக்கு மேல் அடித்தாலும் பந்தின் மேல் உட்கார்ந்ததுபோல் ஆடுவார். சரியாக நிரப்பிய பிறகு அவர் சரியவே இல்லை. குறிப்பேட்டில் அந்தச் சொல்லை அடிக்கச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு அடித்தார்கள்.

வாக்கர்களின் ரப்பர் அடிகளும் மொட்டை டயர் போலத் தேய்ந்துவிடுகின்றன. கையைத் தொங்கவிட்டு நின்றால் கைப்பிடி மணிக்கட்டுக்கு நேராக வர வேண்டும். குட்டையான அம்மாவிடம் நெட்டையானவரின் வாக்கரைக் கொடுத்துவிடுவார்கள். அதனால் ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டியிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். ஒரு நாற்காலி எப்போதும் இடப்பக்கமே இழுக்கிறது. இரண்டு டயரிலும் காற்று சமம். முன்சக்கரங்களை இடம் மாற்றியும் பார்த்துவிட்டேன். முன்சக்கரத்தைத் தாங்கும் கவட்டை வளைந்திருக்குமா? கழற்றாமல் கண்டுபிடிக்க வழி இருந்தால் எழுதுங்கள்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்