தாமிரபரணிக் கரைக்கு ஒரு வெள்ளக் கோடு போடுங்கள்: பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கும் நீர்வளத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தாருக்கும் நீர்வளத் துறை உயர் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையில் உள்ள ஏரலில் துணிக்கடை வைத்திருக்கிறேன். நிவாரணம் கேட்டு இதை எழுதவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குக் கொடுத்ததை வாங்கிக்கொண்டோம், அதற்கு நன்றி. இப்போது கேட்பது ஒரு வரைபடம். அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு தொடங்கிப் புன்னைக்காயல் முகத்துவாரம் வரை தண்ணீர் எந்தெந்தப் புல எண் வரை ஏறியது, எங்கே எத்தனை அடி நின்றது என்பதை அளந்து குறியுங்கள். இணையத்தில் பட்டா பார்ப்பதைப் போல யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி அதை வெளியிடுங்கள். வெள்ளக் காப்பீடு, கட்டட அனுமதி, நிவாரணப் பட்டியல் எல்லாவற்றையும் அதற்குப் பிறகு பேசலாம். அந்தக் கோடு கையில் இல்லாமல் இவற்றில் எதைச் செய்தாலும் அரைகுறையாகத்தான் முடியும்.

இதில் அவசரமும் இருக்கிறது. வெள்ளம் வடிந்தபோது எங்கள் தெருவில் சுவருக்குச் சுவர் காவி நிறத்தில் ஒரு கோடு இருந்தது. என் கடையில் அது மூன்றாவது அடுக்குக்கு மேலே இருந்தது. பின்னால் உள்ள கிடங்கு தெருவைவிடத் தாழ்வு என்பதால் அங்கே மின்விசிறிச் சுவிட்சைத் தாண்டிவிட்டது. எதிர்ச்சாரியில் உயரமாகத் திண்ணை வைத்துக் கட்டிய பழைய வீட்டில் திண்ணையை நனைத்ததோடு நின்றுவிட்டது. செயற்கைக்கோள் படத்தில் இந்த மூன்றும் ஒரே நீலத் திட்டு. ஆழம் சுவரில்தான் எழுதியிருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்ததில் அந்தக் கோடுகளில் பாதி போய்விட்டது. அளந்து முடிக்கும்வரை அழிக்காதீர்கள் என்று எங்களுக்கு எந்த அலுவலகமும் சொல்லவில்லை.

அன்று பெய்த மழை உங்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்தின் ஆண்டுச் சராசரியே 70 சென்டிமீட்டரை எட்டாது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 800 பயணிகளோடு நின்றதையும், பக்கத்து ஊர் மக்கள் அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டதையும் நாடே செய்தியில் பார்த்தது. வரைபடம் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் திறந்த தண்ணீர் மட்டும் எங்களை மூழ்கடிக்கவில்லை. பேய்மழை அணைகளுக்குக் கீழே, சமவெளியிலும் கடலோரத்திலும் கொட்டியது. ஆறு கரைபுரண்டு வந்தது ஒரு பக்கம் என்றால், குளங்கள் நிரம்பி மறுகால் பாய்ந்தும் கரை உடைந்தும் வந்தது இன்னொரு பக்கம். தூத்துக்குடி நகரத்தை நோக்கிப் போனதில் கோரம்பள்ளம் குளத்துக் கரை உடைந்த தண்ணீரும் சேர்த்தி.

ஆகவே ஆற்றின் இரு கரையிலும் இத்தனை மீட்டர் என்று அளவு வைத்து இணைகோடு இழுத்தால் அது எங்கள் வெள்ளத்தைக் காட்டாது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் பிரியும் வடகால், தென்கால் என்ற வாய்க்கால்கள், அவற்றின் கீழ் வரிசையாக நிற்கும் குளங்கள், எந்தக் குளத்து மறுகால் எந்த ஓடை வழியாக அடுத்த குளத்தில் விழுகிறது, நடுவில் எந்தச் சாலையின் சிறுபாலத்தில் அடைத்துக்கொள்கிறது என்பது வரை அதில் ஏற வேண்டும். இதெல்லாம் மடை திறக்கிற நீர்ப்பாய்ச்சிக்குத் தெரியும். எந்த மென்பொருளும் அவரைக் கேட்காமல் கண்டுபிடிக்காது. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அந்த வெள்ள மட்டத்தையும் அவர்களிடமிருந்தே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கோடு இல்லாததால் என்ன கெட்டுப்போனது என்று கேட்கலாம். நிவாரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிகம் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ரேஷன் அட்டைக்கு 6,000 ரூபாய், மற்ற இடங்களில் 1,000 ரூபாய். பகுதியைப் பிரித்தது தாலுகாவையும் வருவாய்க் கிராமத்தையும் வைத்து. மாடியில் கால் நனையாமல் இருந்தவருக்கும், அடுப்பங்கரை கூரை வரை மூழ்கியவருக்கும் ஒரே தொகை. அவசர நேரத்தில் வேறு வழி இல்லை என்பது புரிகிறது. கிராம நிர்வாக அலுவலர்கள் அந்த வாரம் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தேன். ஆழக் கணக்கு ஒன்று அவர்கள் கையில் இருந்திருந்தால் தெருத் தெருவாக ஏச்சு வாங்கியிருக்க வேண்டாம்.

பேரிடர் நிவாரண நிதி விதிகளின்படி முழுதாக இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000 ரூபாய். கடைச் சரக்கைப் பற்றி அந்த விதிகளில் பேச்சே இல்லை. சிறுவணிகர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் அறிவித்தீர்கள். சரக்கு வாங்கியபோது பட்ட கடன் ஒன்று, அது மூழ்கியதற்காக வாங்கிய கடன் ஒன்று என்று இரண்டையும் கட்டிக்கொண்டிருப்பவர்கள் எங்கள் கடைத்தெருவில் இருக்கிறார்கள்.

அப்படியானால் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டாயம் விற்க வேண்டிய பாலிசிகளைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே வகுத்துக் கொடுத்திருக்கிறது. வீட்டுக்கு பாரத் கிரக ரக்ஷா. 5 கோடி ரூபாய் மதிப்புக்கு உட்பட்ட கடைகளுக்கும் சிறுதொழில்களுக்கும் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. தீ, புயலோடு வெள்ளமும் இரண்டிலும் அடக்கம். எங்கள் தெருவில் இந்தப் பெயர்களைக் காதால் கேட்டவர்களே குறைவு. பெரும்பாலோர் கையில் இருந்தது வங்கிக் கடனோடு ஒட்டிக்கொண்டு வந்த பாலிசி. என்னுடையதும் அதுதான். அதில் கட்டடம் இருந்தது, சரக்கு இல்லை. பக்கத்துக் கடைக்காரருக்குச் சரக்கும் சேர்ந்திருந்தது. இழப்பை மதிப்பிட வந்த சர்வேயர் ஸ்டாக் ரிஜிஸ்டரைக் கேட்டார். அண்ணாச்சி கொண்டுவந்து வைத்தது, தாளோடு தாள் ஒட்டிச் சேற்றுக் கட்டியாகக் காய்ந்துபோன ஒரு பேரேட்டை. பிறகு ஆடிட்டரைப் பிடித்து ஜிஎஸ்டி கணக்கிலிருந்து கொள்முதலைத் தேடி எடுத்து, அலைந்து, கேட்டதில் ஒரு பகுதி கிடைத்தது.

நிறுவனங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எந்தத் தெரு மூழ்கும், எந்தத் தெரு மூழ்காது என்று தெரியாதவர் வட்டாரம் முழுவதும் மூழ்கும் என்று வைத்துத்தான் பிரீமியம் போடுவார். மேட்டுத் தெருக்காரர் அந்த விலைக்கு வாங்கமாட்டார். பள்ளத்தில் இருப்பவர் மட்டும் வாங்குவார், அதனால் பிரீமியம் இன்னும் ஏறும். போதாததற்கு 18 சதவீத ஜிஎஸ்டி. தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு 2025 செப்டம்பரில் எடுத்துவிட்ட அந்த வரி, வீட்டுக் காப்பீட்டின் தலையில் அப்படியே நிற்கிறது. ஜிஎஸ்டி மன்றத்தில் தமிழ்நாட்டுக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது என்பதை நினைவூட்டுகிறேன்.

வரைபடம் வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். வயலைத் தூர்த்து மனை போட்டு விற்பவர்கள் அதில் முதல் வரிசை. அவர்களுக்காக நான் வருந்தப் போவதில்லை. ஆனால் இருக்கிற ஒரே வீடு கோட்டுக்குள் விழுந்துவிட்டால் நாளைக்கு யார் வாங்குவார், வங்கி அடமானத்துக்கு எடுக்குமா என்று பயப்படுகிறவர் நியாயமாகத்தான் பயப்படுகிறார். பிரிட்டனில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 2016-இல் தொடங்கிய ஃப்ளட் ரீ என்ற ஏற்பாட்டில், வீட்டுக் காப்பீடு விற்கும் நிறுவனங்களிடம் ஒரு தீர்வை வசூலித்து, வெள்ள அபாயமுள்ள வீடுகளின் பிரீமியம் எட்டாத உயரத்துக்குப் போகாமல் பிடித்துவைக்கிறார்கள். 2009 ஜனவரி 1-ஆம் தேதிக்குப் பிறகு கட்டிய வீடுகளுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. தெரியாமல் கட்டியவரைத் தாங்க வேண்டும், தெரிந்தே பள்ளத்தில் கட்டுகிறவரை ஊர்ப் பணத்தில் தாங்க வேண்டியதில்லை என்ற கணக்கு அது. நமக்கு வரைபடம் வெளியாகும் தேதியே அந்தக் கெடுவாக இருக்கட்டும்.

அமெரிக்கா இன்னொரு பாடம். அங்கே 1968 முதல் அரசே வெள்ளக் காப்பீடு நடத்துகிறது. ஆண்டுக்கு 1 சதவீத வெள்ள வாய்ப்புள்ள பகுதி என்று வரைபடம் காட்டும் இடத்தில் வீடு இருந்து, அதன் மேல் அரசு ஆதரவுள்ள அடமானக் கடனும் இருந்தால், காப்பீடு கட்டாயம். 1 சதவீதம் என்பது சின்னதாகத் தோன்றும். 25 ஆண்டு வீட்டுக் கடன் அடைவதற்குள் ஒருமுறையாவது தண்ணீர் உள்ளே வர அது 22 சதவீத வாய்ப்பு. ஏற்பாடு நல்லதுதான். ஆனால் பல இடங்களில் வரைபடங்கள் பழசாகிப்போயின, பிரீமியமும் அபாயத்துக்கு ஈடாக இல்லை. திட்டம் கடனில் மூழ்கி, 2017-இல் 1,600 கோடி டாலரை அந்நாட்டு நாடாளுமன்றம் தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று. நீங்களும் ஒருமுறை போட்டுவிட்டுப் பரணில் வைத்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகப் பாலிசி வாங்கும் என்று காத்திருந்தால் அடுத்த வெள்ளம் முந்திக்கொள்ளும். நாகாலாந்து அரசு மாநிலத்துக்கே சேர்த்து மழை அளவை அடிப்படையாகக் கொண்ட காப்பீடு எடுத்திருக்கிறது. மழை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் பணம் வந்துவிடும், வீடு வீடாக மதிப்பிட வேண்டியதில்லை. அதையே கீழ்த் தாமிரபரணி ஊராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் சேர்த்து அரசு எடுக்கலாம். ஒரு திருத்தம் மட்டும் கட்டாயம் வேண்டும். மழைமானியை மட்டும் நம்பக் கூடாது. ஏரலில் தூறல் விழாத நாளிலும் மேற்கே பெய்த மழை எங்களை மூழ்கடிக்கும். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டி எத்தனை கன அடி போகிறது, பெரிய குளங்களின் மட்டம் என்ன என்பதையும் இழப்பீட்டுக்கான அளவுகோலில் சேர்க்க வேண்டும். பணம் வந்த பிறகு யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கும்போதும் அந்த ஆழ வரைபடம்தான் கைகொடுக்கும்.

இன்னொரு பயத்தையும் சொல்ல வேண்டும். கோடு போட்டதும் முதலில் புல்டோசர் வருவது பட்டா இல்லாதவர் குடிசைக்குத்தான் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் நினைக்கிறார்கள். குளத்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் தனிச் சட்டமே இருக்கிறது, அதன் வேலை அங்கே நடக்கட்டும். இந்த வரைபடத்தை அதற்கு ஆதாரமாக்கினால் அடுத்த முறை அளக்க வருகிறவருக்கு யாரும் கதவைத் திறக்கமாட்டார்கள். காப்பீட்டுப் பயனும் பட்டாவோடு முடிந்துவிடக் கூடாது. வாடகைக் குடியிருப்பவரின் தையல் இயந்திரமும் அரிசி மூட்டையும் வீட்டுக்காரரின் பட்டாவில் ஏறியிருக்காது. குத்தகைக்கு வாழை போட்டவரின் பெயர் கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் இருக்கிறதா என்பதே பாதி நேரம் சந்தேகம். ரேஷன் அட்டையையும் குடியிருக்கும் கதவு எண்ணையும் வைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் இல்லையே என்று கையை விரிக்க வேண்டாம். வெள்ளச் சமவெளியை வகைப்படுத்தும் மாதிரி மசோதாவை மத்திய அரசு 1975-இலேயே மாநிலங்களுக்கு அனுப்பியது. மருத்துவமனை, மின் நிலையம் போன்றவை நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ள மட்டத்துக்கு மேலும், குடியிருப்புகள் இருபத்தைந்து ஆண்டு வெள்ள மட்டத்துக்கு மேலும் இருக்க வேண்டும், பூங்கா, விளையாட்டுத் திடல்களைத் தாழ்வான பகுதியில் வைக்கலாம் என்பது அதன் போக்கு. மணிப்பூர், ராஜஸ்தான், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர் ஆகியவை சட்டம் இயற்றின. செயல்பாட்டில் அவையும் பெரிதாகச் சாதித்துவிடவில்லை என்றாலும் முதல் படியை ஏறின. நம் சட்டமன்றம் அந்தப் படியில் கால் வைக்கவில்லை.

வெள்ளத்தோடு வாழத் தெரியாத ஊர்க்காரர்கள் அல்ல நாங்கள். நெல்லைக் குறுக்குத்துறையில் ஆற்றுக்குள்ளேயே நிற்கும் முருகன் கோயிலைப் பாருங்கள். வெள்ளம் வருகிறது என்றால் உற்சவரையும் பொருள்களையும் மேலக்கோயிலுக்கு எடுத்துப்போய்விடுவார்கள், தண்ணீர் கோயிலை மூழ்கடித்துக்கொண்டு போகும், வடிந்ததும் கழுவிவிட்டுப் பூசையைத் தொடர்வார்கள். எந்த மட்டம் வந்தால் எதைத் தூக்க வேண்டும் என்பது அங்கே தெரியும். எங்கள் தெருவுக்கும் அந்த அளவாவது தெரிய வேண்டும். பஸ் நிலையம், பள்ளி, ரேஷன் கடை வாசலில் எல்லாம் 1992 மட்டம், 2023 மட்டம் என்று கல்தூண் நட்டு அடி எழுதி வையுங்கள். பெரிய செலவில்லை.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ஏரல், ஆத்தூர் பகுதிகளிலாவது அளவைத் தொடங்கிவிடலாம். மகளிர் சுயஉதவிக் குழுக்களையும் பள்ளி மாணவர்களையும் சேர்த்துக்கொண்டால் ஆள் பற்றாக்குறை என்ற பேச்சும் எழாது. ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு நீர்வளத் துறையும் வருவாய்த் துறையும் வருகின்றன. இந்தமுறை நாங்கள் வணிகர்களும் வருகிறோம். எந்தத் துறை அளக்கும், எந்தத் தலைப்பில் பணம் ஒதுக்குவீர்கள், எந்த மாதம் தொடங்கும் என்ற மூன்றுக்கும் அங்கேயே எழுத்தில் பதில் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஏரல் கடைத்தெரு வணிகன் ஒருவன்