காட்டில் ஒரு பரீட்சை

ஹூட்ஸ்ப்ரைட், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள், மாமா, பிள்ளைகள், அம்மா எல்லோரும் நலம்தானே? "விடுதியில் கணக்கு எழுதப் போனவனுக்குக் காட்டில் என்ன பரீட்சை?" என்று போனில் கேட்டீர்கள். அதற்குள் லைன் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன். மண்ணில் விழுந்த மிருகத் தடங்களைப் படிக்கும் பரீட்சை அது.

இங்கே க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டித் தனியார் காடுகள் நிறைய. எங்கள் விடுதியும் அப்படி ஒன்றில்தான் இருக்கிறது. விருந்தினரை ஏற்றிப் போகும் ஜீப்பின் முன்மூக்கில் ஒரு தனி இருக்கை உண்டு. அதில் உட்கார்ந்து மண்ணையே பார்த்து வருபவர் டிராக்கர், அதாவது தடம் பார்த்து மிருகத்தைக் கண்டுபிடிப்பவர்; பெரும்பாலும் ஷாங்கான் என்ற இந்தப் பகுதி இனத்து ஆள். எங்கள் விடுதியில் டிராக்கராக இருக்கும் பெரியவர் பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. விடுமுறை நாளில் அவரோடு நடந்துதான் நான் கற்றுக்கொண்டேன்.

சிறுத்தை (லெப்பர்ட்; சிவிங்கிப்புலி அல்ல) நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், தடத்தில் நகக்குறி விழாது. கழுதைப்புலிக்கு நகம் தெரியும். அதோடு முன்கால் தடம் பின்காலைவிட நன்றாகவே பெரிது. காண்டாமிருகச் சாணத்தைக் கிளறினால் பொடிப்பொடியாகப் புல் இருக்கிறதா, சாய்வாக வெட்டிய குச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புல் என்றால் வெள்ளை, குச்சி என்றால் கறுப்பு. தடம் எப்போது விழுந்தது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பாடம். தடத்துக்குள் பனி சொட்டிய புள்ளிகள் இருந்தால் மிருகம் பனிக்கு முன்பே போய்விட்டது. புள்ளிகளை மிதித்து அழித்திருந்தால் பனிக்குப் பிறகு போயிருக்கிறது, பக்கத்திலேயே இருக்கலாம். அப்போது பெரியவர் பேச்சை நிறுத்திவிட்டுக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார்.

சரி, பரீட்சைக்கு வருகிறேன். தேர்வாளர் குச்சியால் ஒரு தடத்தைச் சுற்றி வட்டம் போடுவார். யாருடையது, எந்தக் கால் என்று கேட்பார். அடுத்தவர் காதில் விழாமல் ஒவ்வொருவராகப் போய்ப் பதில் சொல்ல வேண்டும். எல்லோரும் சொன்ன பிறகு அங்கேயே உட்கார்ந்து ஏன் அப்படி என்று விளக்குவார். ஒத்துக்கொள்ளாதவர் எதிர்த்து வாதாடலாம். மதிப்பெண் முறை எனக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது. எளிய கேள்விக்குச் சரியான பதில் 1 மதிப்பெண், தவறினால் 3 போகும். மிகக் கடினமான கேள்வியில் சரி என்றால் 3, தவறினால் 1தான் போகும். தெரிந்தே ஆகவேண்டியதில் கோட்டை விட்டால்தான் தண்டனை. 70 விழுக்காட்டுக்கு முதல் நிலை, 80க்கு இரண்டாம் நிலை, 90க்கு மூன்றாம் நிலை. எனக்கு இரண்டாம் நிலை கிடைத்திருக்கிறது அக்கா! ஆனால் இது தடத்தைப் படிப்பது மட்டும். ஒரு மிருகத்தின் தடத்தைப் பிடித்துக்கொண்டே போய், அது மிரளாமல் அதைக் கண்டுபிடிப்பது தனித் தேர்வு. அதற்கு எனக்கு இன்னும் வருடங்கள் ஆகும்.

இந்தத் தேர்வைத் தொடங்கியவர் லூயி லீபன்பெர்க். கலஹாரிப் பாலைவனத்தில் சான் என்ற பழங்குடி வேட்டைக்காரர்களோடு ஓடி, நடந்து கற்றவர். 1994இல் இங்கே பக்கத்திலுள்ள தார்னிபுஷ் காட்டில்தான் முதல் தேர்வு நடந்ததாம். கரூ தேசியப் பூங்காவில் கரேல் பெனாடி என்று ஒரு டிராக்கர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவரைப் போன்றவர்கள் பார்த்ததைத் தாங்களே பதிவு செய்ய, எழுத்துக்குப் பதில் படங்களை வைத்துக் கையடக்கக் கணினியில் சைபர்டிராக்கர் என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். கறுப்புக் காண்டாமிருகம் எதை மேய்கிறது என்று கரேல் சேர்த்த தகவல் ஆய்வுக் கட்டுரையாகவே வந்தது, அவர் பெயரும் சேர்ந்து.

எனக்குக் கிடைத்த காகிதத்தைவிட இதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. எங்கள் பெரியவர் என்னைவிட மேல்நிலைச் சான்றிதழ் வைத்திருக்கிறார். புதிதாக வரும் பட்டதாரி வழிகாட்டிகள் சந்தேகம் என்றால் அவரிடம்தான் போய் நிற்கிறார்கள்.

நம் சத்தியமங்கலம் காட்டிலும் வேட்டைத் தடுப்புக் காவலர்களாக மலைமக்கள் இருக்கிறார்கள். புலித் தடமும் யானை லத்தியும் அவர்களுக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்? அந்த அறிவைச் சோதித்து, இவர் இந்த நிலை என்று எழுதிக் கொடுத்தால் சம்பளம் பேசும்போதாவது கையில் ஒரு ஆதாரம் இருக்குமே.

ஆசனூர்ப் பக்கம் சில காவலர்களைத் தெரியும் என்று மாமா ஒருமுறை சொன்னார். பொங்கலுக்கு வரும்போது அவர்களைப் பார்க்க வேண்டும், ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அப்புறம், துப்பாக்கி வைத்த வழிகாட்டி இல்லாமல் நான் காட்டுக்குள் நடப்பதில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
தம்பி