மெயினை அணைத்துவிட்டால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயந்திரத்துக்குள் கைவிட்டு வேலை பார்க்கிறவரிடம் அதை எப்படி நிறுத்தினீர்கள் என்று கேட்டால், எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்தியிருக்கிறேன் என்பார். அனுபவமுள்ள ஃபிட்டர்களே இதை நம்புவதுதான் எனக்குப் பெரிய கவலை. அந்தச் சிவப்புப் பொத்தான் பெரும்பாலும் கட்டுப்பாட்டு சர்க்யூட்டைத்தான் துண்டிக்கும். பேனல் வரை மின்சாரம் வந்துகொண்டேதான் இருக்கும். யாரோ ஒருவர் விவரம் தெரியாமல் அதை விடுவித்து ஸ்டார்ட்டைத் தட்டினால் முடிந்தது. ஓடுகிற மெஷினை அவசரத்துக்கு நிறுத்த வைத்த பொத்தான் அது, உள்ளே ஆள் இருக்கும்போது காவல் காக்க வைத்ததல்ல. கதவைத் திறந்தால் நின்றுவிடும் இன்டர்லாக்கை நம்பி உள்ளே போவதும் இதே தப்புதான்.

சரி, மெஷினுக்கு வரும் மின்சாரத்தையே துண்டிக்கும் மெயின் சுவிட்சான ஐசொலேட்டரையே இறக்கிவிட்டேன் என்கிறீர்களா? அப்போதும் மெஷினுக்குள் சக்தி மிச்சம் இருக்கும். மோட்டாரின் வேகத்தை மாற்றும் ட்ரைவுக்குள் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன, மின்சாரம் போன பிறகும் சில நிமிடங்களுக்கு ஆளைக் கொல்லும் அளவு மின்னழுத்தம் அவற்றில் நிற்கும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று ட்ரைவின் மேலேயே ஒட்டியிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. ஹைட்ராலிக் பம்பு நின்றாலும் எண்ணெயை அழுத்தத்தோடு சேமித்து வைக்கும் அக்யுமுலேட்டரில் அழுத்தம் இருக்கும். மேலே நிற்கும் பிரஸ்ஸின் பாரத்துக்குக் கீழே விழ மின்சாரமே தேவையில்லை, முட்டுக் கொடுக்காமல் அடியில் கை வைக்கக் கூடாது. எனக்கு மிகவும் பயம் காற்றழுத்த சிலிண்டர்தான். ஏதோ சிக்கி பாதியில் நின்றிருக்கும், பார்க்க சாதுவாக இருக்கும், சிக்கியதை உருவிய நொடியில் விரலோடு சேர்த்து இழுத்துக்கொள்ளும். அழுத்தத்தை வெளியேற்றினால் மட்டும் போதாது, வால்வ் கசிந்தால் மறுபடியும் ஏறும் என்பதையும் மறக்கிறார்கள்.

இறக்கிய ஐசொலேட்டரை வேறு யாரும் திரும்பப் போடாதபடி பூட்டுப் போட்டுப் பூட்ட வேண்டும். ஆனால் ஒரே மாதிரி நாலு மெஷின் வரிசையாக இருக்கும் இடத்தில் தவறிப்போய் பக்கத்து மெஷினின் ஐசொலேட்டரைப் பூட்டிவிட்டு நிம்மதியாக இறங்குகிறவர்களும் உண்டு. அதனால் பூட்டிய பிறகு, ஆட்களை விலக்கிவிட்டு, ஸ்டார்ட்டை அழுத்திப் பார்க்க வேண்டும். ஓடவில்லை என்றால் ஸ்டார்ட் சுவிட்சைத் திரும்ப ஆஃப் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மின்சார வேலை என்றால் டெஸ்டரை முதலில் உயிருள்ள, அதாவது மின்சாரம் இருக்கும் லைனில் வைத்துச் சோதித்து, அப்புறம் வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மீண்டும் உயிருள்ள லைனில் பார்க்க வேண்டும். டெஸ்டரே செத்திருந்தால் எல்லா லைனும் செத்ததாகத்தான் காட்டும்.

‘ஆள் வேலை செய்கிறார், போடாதே’ என்று அட்டை மாட்டினால் போதும் என்பது இன்னொரு நம்பிக்கை. அட்டை யாருடைய கையையும் தடுக்காது. அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஓஷா 1989-ல் கொண்டுவந்த விதி, பூட்டக்கூடிய சுவிட்ச் என்றால் பூட்டத்தான் சொல்கிறது. பூட்டுக்குச் சமமான பாதுகாப்பு கிடைக்கிறது என்று நிர்வாகம் நிரூபித்தால் மட்டுமே வெறும் அட்டைக்கு இடம். ஐந்து பேர் உள்ளே இருந்தால் ஐந்து பூட்டு, சாவி அவரவர் பையில். சூப்பர்வைசர் ஒரு பூட்டுப் போட்டால் எல்லாருக்கும் ஆயிற்று என்பது, அவர் நம்மை எண்ண மறக்க மாட்டார் என்று உயிரைப் பணயம் வைப்பது.

இரண்டு நிமிட வேலைக்கு இவ்வளவா என்று கேட்பார்கள். ஜாம் எடுப்பதும் துடைப்பதும் இரண்டு நிமிட வேலைகள்தான், கை போவதும் அதில்தான். அதைச் செய்கிறவர் பெரும்பாலும் பராமரிப்பு ஆளே அல்ல, ஆபரேட்டர் அல்லது கூட்டிப் பெருக்குகிறவர். அவர்கள் கையில் பூட்டே கொடுப்பதில்லை. உற்பத்தி நின்றால் திட்டு விழும் இடத்தில் அவர்கள் கேட்கவும் மாட்டார்கள். இதற்கு நிர்வாகத்தைத்தான் குற்றம் சொல்வேன். விபத்துச் செய்தியில் ‘கவனக்குறைவு’ என்று எழுதும் முன், அங்கே பூட்டு இருந்ததா, அவருக்கு அது தரப்பட்டதா என்று உங்கள் நிருபர்கள் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

கடைசியாக, பூட்டியவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்று அவருடைய பூட்டைக் கட்டரால் வெட்டும் பழக்கம். அவர் வளாகத்தில் இல்லை என்று உறுதி செய்து, அவரைத் தொடர்புகொள்ள முயன்று, பொறுப்பான அதிகாரி ஒருவரே எடுக்க வேண்டும். அவர் மறுபடி வேலையைத் தொடுவதற்கு முன்பே பூட்டு எடுக்கப்பட்டதை அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பராமரிப்புத் தொழிலாளி