அப்பாவோட பைபாஸ் நேரத்துல கூட நின்ன எல்லாருக்கும் நன்றி

அப்பா வீட்டுக்கு வந்துட்டார், நல்லா இருக்கார். போன் பண்ணி கேட்ட ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்ல முடியல, அதான் மொத்தமா எழுதுறேன்.

முதல்ல ஐசியூ சிஸ்டர்ஸ். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு சர்ஜன் சொல்லிட்டுப் போன அன்னைக்கு ராத்திரியே அப்பாவுக்கு பிபி இறங்கிடுச்சு, காய்ச்சல் வேற, நார்அட்ரினலின்னு பிபிய ஏத்துற மருந்தை ஓட விட்டுத்தான் பிபிய புடிச்சு வச்சிருந்தாங்க, அப்புறம் ரெண்டு நாள்ல இதயத்துடிப்பு தாறுமாறா ஓடி ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னாங்க. பக்கத்து பெட் மாமாவுக்கும் அதே நாள், அதே டாக்டர், அதே மூணு அடைப்பு, அவர் மறுநாளே எழுந்து உக்காந்துட்டார். அம்மா, நான்தான் இவரை சரியா பாத்துக்கலன்னு அழுதுட்டே இருந்தாங்க.

அந்த அழுகைய நிறுத்தினது பெர்ஃப்யூஷனிஸ்ட் அண்ணா. ஆபரேஷன் நேரத்துல இதயம், நுரையீரல் வேலைய செய்யற ஹார்ட் லங் மெஷின தியேட்டர்ல பாத்துக்குறவர், டியூட்டி முடிஞ்சு கெளம்புற நேரத்துல அம்மா பக்கத்துல உக்காந்து சொன்னார்: ரத்தம் பிளாஸ்டிக் குழாய் வழியா மெஷினுக்குள்ள போய் வரும்போது உடம்பு அதை அந்நியப் பொருளா பாக்கும், வெள்ளை அணுக்கள் எல்லாம் முழிச்சுக்கும், சில மணி நேரத்துலயே இன்டர்லூக்கின் 6 மாதிரி, அழற்சிய கிளப்பி விடுற பொருளெல்லாம் ரத்தத்துல ஏறிடும், பிபி இறங்குறது, காய்ச்சல் எல்லாம் அதனாலயும் வரலாம், இது எல்லாருக்கும் நடக்கும், ஆனா எவ்வளவு ஏறும்ங்கிறது ஆளாளுக்கு மாறும். வயசு, சுகர், கிட்னி, மெஷின்ல எவ்வளவு நேரம் இருந்தாங்க, இதோட பிறப்புலயே வர்ற ஜீனும் ஒரு காரணம்மா, நீங்க சமைச்ச சாப்பாடு இல்லன்னார்.

அதுக்கப்புறம் நான் தேடிப் படிச்சேன். ஏழாவது குரோமோசோம்ல இருக்கு அந்த இன்டர்லூக்கின் 6 ஜீன், அது ஆரம்பிக்கிறதுக்கு 174 டிஎன்ஏ எழுத்து முன்னாடி ஒரு இடத்துல ஜி இருக்கலாம், இல்ல சி இருக்கலாம்; அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணுன்னு ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு எழுத்து. அந்த ஒரு எழுத்துக்கும் பைபாஸுக்கு அப்புறம் ஏறுற அளவுக்கும் தொடர்பு இருக்கான்னு 2001லயே பாத்திருக்காங்க, ஒரு குழு ரெண்டு ஜி இருக்கவங்களுக்குத்தான் அதிகம்னுச்சு, இன்னொரு குழு ரெண்டு சி இருக்கவங்களுக்குன்னுச்சு. அப்ப ஜீன் டெஸ்ட் ஒண்ணு எடுத்து முன்கூட்டியே சொல்லிட முடியாது, மணிக்கு மணி பக்கத்துல நின்னு பாக்குற ஆள்தான் வேணும். அதனாலதான் சிஸ்டர்ஸ் பேரை முதல்ல எழுதினேன்.

நைட் டியூட்டி டாக்டருக்கும் நன்றி. ஸ்டெராய்டு குடுத்து இந்த அழற்சிய அடக்கிடலாமேன்னு நான் நடுராத்திரில கேட்டதுக்கு எரிச்சல் படாம, 18 நாட்டுல ஹார்ட் லங் மெஷின் வச்சு ஆபரேஷன் பண்ண 7507 பேர்ல, சிலருக்கு ஸ்டெராய்டு, சிலருக்கு வெறும் டம்மி மருந்துன்னு குடுத்துப் பாத்தாச்சும்மா, 2015ல ரிசல்ட் வந்துச்சு, ஸ்டெராய்டு குடுத்ததால உயிரிழப்பு குறையலன்னு நிதானமா சொன்னார். எந்த மருந்து தங்களுக்கு விழுந்துச்சுன்னு கூட தெரியாம நெஞ்சைத் திறக்குற நேரத்துல கையெழுத்து போட்ட அந்த 7507 பேருக்கும், முகம் தெரியாட்டாலும், எங்க குடும்பத்தோட நன்றி. அப்பாவுக்கு தேவையில்லாத ஒரு மருந்து போகாததுக்கு அவங்களும் காரணம்.

ரத்தம் குடுத்த காலேஜ் தம்பிங்க, மூச்சுப் பயிற்சி சொல்லித் தந்த பிசியோ அக்கா, அம்மாவ தெனமும் கூட்டிட்டு வந்து கூட்டிட்டுப் போன ஆட்டோ அண்ணா, உங்க எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. பக்கத்து பெட் மாமா, அப்பா உங்களை ரொம்ப விசாரிச்சார், ரிவ்யூக்கு வர்ற அன்னைக்கு சொல்லுங்க, நாங்களும் அன்னைக்கே வர்றோம்.