கடையை விற்கிற பேச்சு

அன்புள்ள பாப்பாவுக்கு,

கடையை விற்றுவிட்டு, அட்லாண்டாவுக்கு வடக்கே நம் ஊர்க்காரர்கள் நிறைய இருக்கிற அல்பரெட்டா பக்கம் போய்விடலாம் என்று நீயும் அப்பாவும் போனில் பேசியது என் காதிலும் விழுந்தது. கணக்கு எனக்கும் தெரியும். 2025 ஜனவரியில் அமெரிக்காவுக்கு அகதிகள் வருவதையே நிறுத்திவிட்டார்கள். ஜூலையில் வந்த சட்டத்தால், கிரீன் கார்டு கிடைக்கும்வரை அவர்களுக்கு உணவு உதவிப் பணமும் கிடையாது. அகதிகள் குடியேறிய இந்தக் கிளார்க்ஸ்டனில் நம் வியாபாரமே பாதி, அந்த உதவிப் பணம் ஏறும் ஈபிடி கார்டில்தானே ஓடுகிறது, படுக்காமல் என்ன செய்யும்?

சரி, அல்பரெட்டாவில் என்ன விற்போம்? இட்லி அரிசியும் முறுக்கும். அதற்கு அங்கே நம்மைவிடப் பெரிய கடைகள் இருக்கின்றன. பூட்டான் நேபாளிகள் 2008 வாக்கில் வந்து இறங்கியபோது நம்மிடம் பருப்பும் புளியும்தான் இருந்தது. அவர்கள் குந்த்ருக் (புளிக்கவைத்துக் காயவைத்த கீரை) கேட்டார்கள், தோலோடு வெட்டிய ஆட்டுக்கறி கேட்டார்கள், கடுகெண்ணெய் கேட்டார்கள். (அந்தப் பாட்டிலில் ‘மேலே பூச மட்டும்’ என்று இந்த ஊர்ச் சட்டத்துக்காக அச்சடித்திருக்கும். வாங்குகிற அத்தனை பேரும் அதில்தான் தாளிக்கிறார்கள்.) அப்புறம் காங்கோக்காரர்களுக்கு மரவள்ளி மாவு, மரவள்ளி இலை. பர்மாவிலிருந்து வந்த ஒரு கரேன் இனத்து அம்மா வீட்டுத் தோட்டத்தில் பறித்த கீரையைக் கொண்டுவந்து, விற்றுத் தருவீர்களா என்று கேட்டார். பார்த்தால் நம்ம புளிச்சக்கீரை! அன்று ராத்திரி அப்பா மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டார், கேட்டுப் பார்.

சூடான சமோசாவுக்கு அந்தக் கார்டு செல்லாது, ஆறிப்போனதற்குச் செல்லும். பழைய கடனையும் அதில் கழிக்கக் கூடாது. இதெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து கற்றது. அல்பரெட்டாவில் இந்தப் படிப்பு எதற்கு ஆகும்?

நேபாளிகளில் நிறையப் பேர் ஒஹையோவுக்குக் குடிபோய்விட்டார்கள், மறுக்கவில்லை. இருப்பவர்கள் கோழி ஆலையிலும் கிடங்கிலும் சம்பளம் வாங்குகிறார்கள், குடியுரிமையும் வாங்கிவிட்டார்கள். அவர்களை நம்பிக் கடை ஓடும். உறைந்த மீன் வாங்குவதைக் குறைத்துவிட்டேன். ஒரு ஃப்ரீசரை அணைத்தால் கரண்ட் பில்லும் இறங்கும். வாடகை ஒப்பந்தம் முடியட்டும், அப்போது பேசிக்கொள்ளலாம். அதுவரை அப்பாவுக்குத் தூபம் போடாதே.

நேபாளிகளின் தசைன் பண்டிகைக்கு லீவு கிடைத்தால் வா. ஆட்டுக்கறிக்கு வாசல்வரை வரிசை நிற்கும். கல்லாவில் உட்கார ஆள் வேண்டும்.

அம்மா