சிலிண்டர் சாவி

பாம்பன்,
ஞாயிறு மாலை

அன்பு மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். ஏழு நிமிஷத்தில் ஆறு நிமிஷம் புலம்பல். போனில் பதில் போட்டால் ஒரு வரியோடு நின்றுவிடுவேன் என்றுதான் காகிதத்தை எடுத்தேன். எழுதிப் பழக்கம் விட்டுப்போச்சு, கோணல் எழுத்தைக் குறை சொல்லாதே.

61 நாள் தடைக்காலம் ஜூன் 14-ஓடு முடிந்து விசைப்படகுகள் போய்வருகின்றன. என் ஐஸ் கடையிலும் ஆள் நடமாட்டம் தெரிகிறது. சரி, உன் பையன் விஷயத்துக்கு வருகிறேன்.

சிங்கப்பூர் ராணுவத்தில், தெக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சி, ‘நீ சூன்’ முகாமில் மெடிக், அதாவது மருத்துவ உதவியாளர் படிப்பு, எல்லாம் முடித்துவிட்டு இப்போது பாராசிட்டமால் எண்ணிக் கொடுக்கிறான், ‘ரெண்டு வருஷம் வீண்’ என்கிறான், நீயும் பின்பாட்டுப் பாடுகிறாய். நான் ராணுவத்துக்கு விரும்பிப் போனவன். விருப்பம் என்ன பெரிய விருப்பம், அப்பா மீன்பிடி வல்லத்தை அடகு வைத்திருந்தார். உன் பையனைச் சட்டம் கூப்பிட்டது. 1967-லிருந்து அங்கே 18 வயதானால் போய்த்தான் ஆகவேண்டும். ‘நான் கேட்டா வந்தேன்’ என்று அவனுக்குத் தோன்றினால் தப்பில்லை. நானும் சம்பளம் வாங்கிக்கொண்டே அப்படி நினைத்த நாள் உண்டு.

நர்சிங் அசிஸ்டெண்டாக 17 வருஷம் இருந்தேனே, அதில் பெரும்பகுதி முகாமின் மருத்துவ அறையான எம்.ஐ. ரூமில் கொப்புளத்துக்கு மருந்து போட்டதுதான். உன்னிடம் கூடச் சொல்லாத ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். ஆஸ்துமா முற்றி ஒரு ஜவானைத் தூக்கி வந்தார்கள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. சிலிண்டர் நிறைய ஆக்சிஜன் இருக்கிறது, திறக்கிற சாவியைக் காணோம். டிரைவர் ஓடிப்போய் வண்டியிலிருந்து ஸ்பானர் எடுத்து வந்து திறந்தான். அதற்குள் நாலு நிமிஷம் போய்விட்டது. ஆள் பிழைத்தான். ஆனால் அன்று காலை ரிஜிஸ்டரில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று கையெழுத்துப் போட்டவன் நான். சிலிண்டர் நிற்பதைப் பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன், டீ குடிக்கப் போனேன். மேலே யாரும் என்னைப் பெரிதாகத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேனோ என்னவோ.

அதற்கப்புறம் மருந்துப் பையை வாய்வார்த்தையாகச் சரிபார்ப்பதை விட்டேன். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, திருகி, திறந்து, டார்ச்சை எரியவிட்டுப் பார்த்துத் திரும்ப அடுக்குவேன். விளக்கை அணைத்துவிட்டு, கேட்டது கையில் வருகிறதா என்று பார்ப்பேன். கூட இருந்தவர்களுக்குச் சிரிப்பு. நெஞ்சு அழுத்தும் பயிற்சியும் அப்படித்தான். நிமிஷத்துக்கு 100 முதல் 120, ஐந்து சென்டிமீட்டர் ஆழம் என்று வாய் ஒப்பிக்கும். சில மாசம் பழகாமல் விட்டால் கைக்கு மறந்துவிடும். உன் பையன் இரண்டு வருஷம் முடிந்து வேறு வேலைக்குப் போய்விடுவான், ஆனால் ரிசர்வில் வருஷாவருஷம் கூப்பிடுவார்களே, அப்போதும் அவன் மெடிக்தான். இப்போது கிடைக்கிற வெட்டிப் பொழுதை அவன் வேறு எங்கே போய் வாங்குவான்?

போன வாரம் நடந்ததையும் கேள். கரையோரம் வலை இழுத்த பையனுக்குக் கணுக்காலில் திருக்கை முள் குத்திவிட்டது. வலியில் துடிக்கிறான். ஒருத்தர் சுண்ணாம்பு என்கிறார், இன்னொருத்தர் கயிற்றால் கட்டு என்கிறார், என் கடை ஐஸையே வைக்கச் சொல்கிறார் ஒருத்தர். திருக்கை விஷம் சூட்டில்தான் அடங்கும். டீக்கடையிலிருந்து வெந்நீர் வாங்கி, பச்சைத் தண்ணீர் கலந்து, என் கையை முதலில் விட்டுப் பார்த்தேன். வலியில் இருக்கிற காலுக்குச் சூடு உறைக்காது, வெந்துபோகும். பொறுக்கிற சூட்டில் காலை முக்கி வைத்தோம். ஆற ஆற மாற்றினோம். அரை மணிநேரத்தில் அவன் அழுகையை நிறுத்திவிட்டு செல்போனைத் தேட ஆரம்பித்தான். அப்புறம் ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், முள் துணுக்கு உள்ளே இருந்தால் சீழ் வைக்கும், டெட்டனஸுக்கான டிடி ஊசியும் போடவேண்டும். குத்திய நேரத்தை அவன் முன்கையில் பேனாவால் எழுதி அனுப்பினேன்.

மாப்ளே, ராணுவத்தில் நான் ஒரு திருக்கைக் குத்தையும் பார்த்ததில்லை. இதை இங்கே கரைக்கு வந்துதான் கற்றுக்கொண்டேன். கையை விட்டுப் பார்ப்பதும், நேரத்தைக் குறிப்பதும், சட்டைப்பையில் எப்போதும் பேனா இருப்பதும் அங்கிருந்து வந்தவை. ‘மிலிட்டரி’ என்று இங்கே என்னைக் கூப்பிடுவதற்குப் பென்ஷனை விட அந்தப் பேனாதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பையனைத் திட்டாதே, தேற்றவும் வேண்டாம். சிலிண்டர் சாவி இந்த நிமிஷம் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேள். யோசித்துவிட்டுச் சொன்னானென்றால் எனக்கு ஒரு போன் போடச் சொல்.

தங்கச்சிக்கு நகரைக் கருவாடு காயவைத்திருக்கிறேன். யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

உன்
மச்சான்